தமிழ்ச் சங்கச் செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராமல் அறிக்கையை மட்டும் பிறகு கேட்டு வாங்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, கோடை ஒன்றுகூடல், நவராத்திரி கொலு மூன்றும் வழக்கம்போல் நடந்தன. தமிழ் வகுப்பு தொடர்கிறது.

இனி, கூடத்தில் நிற்கும் சோடா ஃபவுண்டன், அதாவது சோடாவைக் கலந்து ஊற்றிப் பரிமாறும் பழைய கவுண்டர். "இவ்வளவு செலவழித்தும் கவுண்டர் பழைய மாதிரியேதானே இருக்கிறது?" என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டவர்களுக்குப் பதில்: பணம் கவுண்டருக்குக் கீழே போயிருக்கிறது. குனிந்து பார்த்தால் தெரியும்.

மூடிப்போன ஒரு 'டைம் ஸ்டோரிலிருந்து' (ஐந்து, பத்து சென்ட் விலைக் கடை) வந்தது இது. சிகாகோவின் பாஸ்டியன்-பிளெஸ்ஸிங் நிறுவனம் செய்த, எவர்சில்வரால் ஆன வகை. இதன் உயிர்நாடி, நீரில் வாயுவைக் கலக்கும் கார்பனேட்டர். மோட்டார் பம்பு குளிர்ந்த நீரை ஒரு தொட்டிக்குள் தள்ளும். அங்கே கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ 100 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு) அழுத்தத்தில் நிற்கும். ஊர்க் குழாயில் வரும் நீரின் அழுத்தம் பெரும்பாலும் இதைவிடக் குறைவு. எனவே பம்பின் தடுப்பு வால்வு தேய்ந்தால் வாயு கலந்த நீர் பின்னோக்கிப் போய்க் கட்டடத்தின் செம்புக் குழாயில் புகும். அந்த நீரில் உள்ள கார்பானிக் அமிலம் செம்பைக் கரைக்கும். அந்த நீரைக் குடித்தால் வாந்தியும் வயிற்றுவலியும் வரும். அதனால்தான் காற்றுத்துளையுள்ள இரட்டைத் தடுப்பு வால்வுக்கு முதலில் பணம் ஒதுக்கினோம். அந்த வால்வுக்கு அப்பால் செம்போ பித்தளையோ நீரைத் தொடக்கூடாது. எவர்சில்வர் அல்லது உணவுத்தர பிளாஸ்டிக் குழாய்தான். இணைப்புகளில் ஈயப் பற்றாசு இருந்த பழைய குழாய்கள் முழுவதையும் கழற்றிவிட்டோம். குரோம் பூச்சு அடுத்த ஆண்டும் காத்திருக்கலாம், செம்பு காத்திருக்காது.

குளிர்பெட்டியில் ஆர்-12 என்னும் பழைய குளிர்பதன வாயு இருந்தது. அதைக் காற்றில் திறந்துவிடுவது சட்டப்படி குற்றம். சான்றிதழ் பெற்ற தொழில்நுட்பரை அழைத்து எடுக்கச் செய்தோம். அந்தக் கட்டணத்தைத்தான் சிலர் 'வீண்செலவு' என்றார்கள்.

சோடா வெறும் நுரையாக வந்தால் வாயுவைக் கூட்டாதீர்கள், முதலில் நீரின் குளிர்ச்சியைப் பாருங்கள். சாதாரண காற்றழுத்தத்தில் 0 டிகிரி செல்சியஸ் நீர் தன் கன அளவைப்போல் 1.7 மடங்கு வாயுவைப் பிடித்துக்கொள்ளும். 15 டிகிரியில் ஒரு மடங்குதான். வாயுச் சிலிண்டரின் அழுத்தமானியையும் நம்ப வேண்டாம். உள்ளே திரவம் சிறிதளவு இருக்கும்வரை, அறை வெப்பத்தில் அது 850 பிஎஸ்ஐயை ஒட்டியே காட்டிக்கொண்டிருக்கும். திரவம் தீர்ந்ததும் மளமளவென இறங்கும். தராசில் நிறுத்து, சிலிண்டரில் பொறித்த வெற்று எடையைக் கழித்தால்தான் மிச்சம் தெரியும். சிலிண்டரை நிமிர்த்திச் சங்கிலியால் கட்டியே வைக்க வேண்டும்.

குழாய்க் கைப்பிடியை முன்னால் இழுத்தால் பருமனான தாரை, பின்னால் தள்ளினால் ஊசித் தாரை. ஐஸ்கிரீம் சோடாவுக்கு ஒன்றரை அவுன்ஸ் சிரப், கொஞ்சம் கிரீம், பருமனான தாரையில் முக்கால் கோப்பை, பிறகு ஐஸ்கிரீம், கடைசியாக ஊசித் தாரை. வரிசை மாறினால் மேசைதான் குடிக்கும். ஊசித் துளையில் உப்புப் படிந்தால் கம்பியால் குத்தாதீர்கள். துளை அகன்று தாரை சிதறும். சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்தால் போதும். அந்தக் கரைசல் பளிங்குப் பலகையில் பட்டால் அரித்துவிடும், எச்சரிக்கை.

"இதெல்லாம் தமிழ்ச் சங்கத்துக்கு எதற்கு?" என்றும் கேட்டார்கள். நாம் குடியிருப்பது பென்சில்வேனியாவில். 1767இல் இங்கிலாந்தின் லீட்ஸில் நீரில் வாயுவைக் கலந்து காட்டிய வேதியியலாளர் ஜோசப் பிரீஸ்ட்லி கடைசிக் காலத்தைக் கழித்து 1804இல் இறந்தது இம்மாநிலத்து நார்தம்பர்லண்டில். டைம் ஸ்டோர்களும் இங்கே வேரூன்றியவைதான். உல்வொர்த் என்ற வணிகரின் முதல் ஐந்து சென்ட் கடை 1879 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்து யூட்டிகாவில் திறந்து சீக்கிரமே படுத்தது. அதே ஆண்டு ஜூனில் நம் லான்காஸ்டரில் திறந்ததுதான் ஓடியது. இதே வகைக் கடையை மெக்ரோரி 1882இல் இம்மாநிலத்து ஸ்காட்டேலில் தொடங்கினார், மர்ஃபி 1906இல் மெக்கீஸ்போர்ட்டில். அந்தக் கடைகளில் பேரம் கிடையாது, பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், விலை ஐந்தோ பத்தோ சென்ட். உல்வொர்த் 1935இல் அந்த விலை வரம்பைக் கைவிட்டது. 1962 ஒரே ஆண்டில் தள்ளுபடி விலைக் கடைகளான கேமார்ட், வால்மார்ட், டார்கெட் மூன்றும் பிறந்தன. அமெரிக்காவில் கடைசி உல்வொர்த் கடைகளை மூடுவதாக 1997இல் அறிவித்தார்கள்.

இந்த வரலாற்றை எழுதி வைத்திருக்கும் பலகையில் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ ஊரைச் சேர்த்ததற்கும் முணுமுணுப்பு இருந்தது. 1960 பிப்ரவரி 1 அன்று நான்கு கருப்பின மாணவர்கள் அவ்வூர் உல்வொர்த் கடையின் உணவுக் கவுண்டரில் உட்கார்ந்து காபி கேட்டார்கள், மறுக்கப்பட்டார்கள். அதே கடையில் மற்றப் பொருள்களுக்கு அவர்களுடைய காசு செல்லும். அந்த முக்காலிக்கு மட்டும் செல்லாது. ஜூலை 25 அன்றுதான் அந்தக் கவுண்டர் கருப்பின மக்களுக்கும் திறந்தது. கவுண்டரை வைத்துக்கொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. பலகை அப்படியே இருக்கும்.

கணக்கு: வரவைவிடச் செலவு சற்றுக் கூடுதல், வித்தியாசத்தைப் பொங்கல் நிதியிலிருந்து தற்காலிகமாக ஈடுகட்டியிருக்கிறோம். விவரம் பொருளாளரிடம் கிடைக்கும். சந்தா செலுத்தாதவர்களின் பெயர்களைப் படிக்கப்போவதில்லை. ஆனால் ஃபவுண்டனைச் செப்பனிடும் சனிக்கிழமை வேலைக்கு ஒருமுறையும் எட்டிப்பார்க்காதவர்களின் பட்டியலும் சந்தா பாக்கிப் பட்டியலும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதைச் செயற்குழு கவனித்திருக்கிறது. வால்வு வாங்கிய வாரம் அந்தப் பாக்கி வந்திருந்தால் பொங்கல் நிதியில் கைவைத்திருக்க வேண்டியதில்லை.

தலைவர், பொருளாளர், சிற்றுண்டி வழங்கிய குடும்பங்கள், பளிங்கைத் தூக்க வந்த இளைஞர்கள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் சிரப் பம்புகளின் ரப்பர் வளையங்களை மாற்ற வேண்டும். முக்காலிகளின் சுழல் தாங்கிகளுக்குக் கிரீஸ் வைக்க வேண்டும். தடுப்பு வால்வை ஆண்டுக்கொரு முறை சோதிக்க வேண்டும். இவற்றை என்னைவிட நன்றாகச் செய்யக்கூடியவர்கள் நம்மிடையே இருப்பதாக வாட்ஸ்அப் குழுவைப் படித்து அறிகிறேன். செயலாளர் பொறுப்புக்கான வேட்புமனு வாசல் மேசையில் இருக்கிறது. சந்தா ரசீதுப் புத்தகமும் அங்கேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்