அபராதத்தில் விடுபடும் நாட்கள்

ஆசிரியருக்கு,

சேலம், நாமக்கல் வட்டாரச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைக் கழிவுநீர் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் அபராதத் தொகை போதாது என்கிறார்கள். தொகையைவிட நாள் கணக்கில்தான் ஓட்டை இருக்கிறது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இழப்பீட்டு வாய்பாடு எளியது: மாசுக் குறியீடு, மீறிய நாட்கள், ரூபாய்க் காரணி, ஆலையின் அளவு, இடக் காரணி ஐந்தையும் பெருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, மிகுந்த மாசு தரும் 'சிவப்பு' வகைச் சிற்றாலை ஒன்றுக்கு நாள் நீங்கலான மற்ற நான்கும் 80 × 250 × 0.5 × 1, அதாவது நாளுக்கு 10,000 ரூபாய். ஆனால் ஆய்வன்று எடுத்த ஒரு குப்பி நீர், போன மாதம் நடந்ததைச் சொல்லாதே!

மரவள்ளி மாவு தெளிந்தபின் வடியும் நீர் அமிலத்தன்மை கொண்டது. அதன் பி.ஓ.டி. (நீரிலுள்ள கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம். நீர்நிலையில் விட வரம்போ 30. காற்றுப் புகாமல் மூடி, நுண்ணுயிர்களால் கழிவைச் சிதைக்கும் காற்றில்லாத் தொட்டியில் பி.எச். 6.5-க்குக் கீழே இறங்கினால் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் முடங்கி, அமிலம் மட்டும் சேர்ந்துகொண்டே போகும். பருவத் தொடக்கத்தில் முழுச் சுமையையும் ஒரேயடியாக ஏற்றினால் நடப்பது இதுதான். தொட்டி தேற வாரக்கணக்காகும். அதுவரை அரவையை யார் நிறுத்துகிறார்கள்?

ஆழ்துளைக் கிணற்றுக் குழாயில் ஒரு மீட்டர், சாண எரிவாயு போல வெளிவரும் வாயுவுக்கு ஒரு மீட்டர், கழிவுநீருக்குக் காற்றுச் செலுத்தும் காற்றூதிக்குத் தனி மின் மீட்டர் கட்டாயமாகட்டும். தண்ணீர் ஓடியும் வாயு சரிந்த நாட்கள், காற்றூதி ஓடாத இரவுகள் (மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்கத்தான்) பதிவில் தெரிந்துவிடும். அந்த நாட்களில் கழிவுநீர் முறையாகச் சுத்திகரிக்கப்பட்டதென ஆலையே நிரூபிக்கட்டும். முடியாவிட்டால் அவற்றையும் மீறிய நாட்களாக எண்ணலாம்.

கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பொறியாளர்கள் சிலர்,
ஆத்தூர், சேலம் மாவட்டம்.