அழ விடுவதும் ஆறுதல்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விபத்திலோ வெள்ளத்திலோ யாராவது இறந்துபோனால் மறுநாள் பேப்பரில், "குடும்பத்தினரை நேரில் சந்தித்து ஆறுதல் கூறினார்" என்று ஒரு வரி வருகிறது. யார் போனார், எவ்வளவு நிதி கொடுத்தார் என்பதெல்லாம் தெரிகிறது. அந்த வீட்டு அம்மா என்ன சொன்னார், அவர் பேசி முடிக்கும்வரை வந்தவர் உட்கார்ந்து கேட்டாரா என்பது மட்டும் வருவதே இல்லை. ஆறுதல் என்றால் வந்தவர் சொல்வது, துக்கப்படுகிறவர் கேட்டுக்கொள்வது என்று நாமும் பழகிவிட்டோம். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

சாவு வீட்டில் இப்போது அதிகம் காதில் விழுவது "அழாதீங்க", "தைரியமா இருங்க", "பிள்ளைங்களுக்காகவாவது மனசைத் தேத்திக்குங்க" என்பவைதான். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். எதிரில் ஒருவர் அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல் சொல்கிறார்கள். ஆனால் கணவனைப் பறிகொடுத்து இரண்டு நாள்கூட ஆகாதவளிடம் தைரியத்தைக் கேட்டால் அவள் எங்கே போவாள்? வந்தவருக்காகக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். எல்லோரும் கிளம்பிய அப்புறம் தனியாக அழுகிறாள்.

இப்போது நாலு மாவட்டமாகப் பிரிந்து கிடக்கும் பழைய வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் நான் பார்த்து வளர்ந்தது வேறு. சாவுக்கு வரும் பெண்கள் தெருமுனையிலேயே அழத் தொடங்கி, ஓடி வந்து, வீட்டுக்காரியைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். தங்கள் வீட்டில் எப்போதோ செத்தவர்களும் அந்தப் பாட்டுக்குள் வந்துவிடுவார்கள். யாரும் அழாதே என்று சொல்ல மாட்டார்கள். அழாமல் விறைத்துப்போய் உட்கார்ந்திருப்பவளைத்தான் "அழுதுடு கண்ணு" என்று உலுக்குவார்கள். அடுப்பு மூட்டாத வீட்டுக்கு அக்கம்பக்கத்திலிருந்து சோறு வரும். கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லாமல் எழுந்து போவார்கள்.

அப்புறம், கருமாதிக்கு முந்தின ராத்திரி கர்ண மோட்சம் தெருக்கூத்து. சாவு வீட்டு வாசலில் விடிய விடியக் கூத்தா என்று தெற்கத்திக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். பதினேழாம் நாள் போரில் கர்ணன் அம்பு பட்டுக் கிடக்கிறான். கண்ணன் கிழ வேடத்தில் வந்து, அவன் செய்த புண்ணியத்தையெல்லாம் தானமாகக் கேட்கிறான். தண்ணீருக்குப் பதிலாகத் தன் ரத்தத்தையே தாரை வார்த்துக் கொடுக்கிறான் கர்ணன். பிறகு குந்தி வருகிறாள். ஊரறிய ஒரு நாளும் மகனே என்று கூப்பிட முடியாமல் போனவனை மடியில் போட்டுக்கொண்டு அழுகிறாள். முகவீணைக் குழலும் கூடவே அழும். அதுவரை கூத்துக் கோமாளியான கட்டியங்காரன் பேச்சுக்குச் சிரித்துக்கொண்டிருந்த ஊர் அப்போது தேம்பும். முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் துக்க வீட்டார், அதுவரை அடக்கி வைத்தது எல்லாவற்றையும் அழுது தீர்ப்பார்கள். அவர்களை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், ஏனென்றால் எல்லோரும் அழுதுகொண்டிருப்பார்கள். துக்கம் இரண்டு நாளில் அடங்காது என்று தெரிந்த மனிதர்கள் ஏற்படுத்திய வழக்கம் இது. இதைவிடப் பெரிய ஆறுதலை நான் கண்டதில்லை.

இன்று பதினாறாம் நாள் காரியத்தை மூன்றாம் நாளே முடித்துக்கொள்கிறார்கள். லீவு கிடைப்பதில்லை, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பதினாறு நாளும் வந்து போய்க்கொண்டிருந்த ஆட்களும் அதோடு நின்றுபோனார்கள்.

வேலூர் டவுனில் இன்னொன்றைப் பார்க்கிறேன். 1900-ல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கி வளர்ந்த சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாமிலிருந்தெல்லாம் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். காந்தி ரோடு, பாபு ராவ் தெரு லாட்ஜ்களில் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். கையில் ரிசல்ட்டோடு நடைபாதையில் உட்கார்ந்து அழுத ஒரு வங்காளப் பெண்ணின் பக்கத்தில், தமிழைத் தவிர வேறு பேச்சு தெரியாத பூக்காரம்மா ஒருவர் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் எழுந்திருக்கும்வரை கூடைப் பக்கம் திரும்பவே இல்லை.

உங்கள் நிருபர்களுக்கு என் வேண்டுகோள்: துக்க வீட்டுக்குப் போனால், வந்த பிரமுகரின் பெயரோடு, இறந்தவரைப் பற்றி அந்த வீட்டார் சொன்ன நாலு வார்த்தையையும் போடுங்கள். அதோடு, புரிசை மாதிரி ஊர்களில் கூத்தையே வாழ்க்கையாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். கருமாதி ராத்திரிகளில் ஆடிய அனுபவத்தை அவர்கள் வாயாலேயே கேட்டு, ஒரு நீண்ட கட்டுரையாக வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கணியம்பாடி, வேலூர் மாவட்டம்