ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வேண்டுமா? பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன வெள்ளிக்கிழமை நடந்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தண்ணீர்த் தொட்டி, சுற்றுச்சுவர் என்று எழுதி வைத்திருந்த எதையும் பேச முடியவில்லை. கூட்டம் முழுக்க ஒரே பேச்சு: ஐந்திலும் எட்டிலும் எல்லாப் பள்ளிக்கும் ஒரே வினாத்தாள் வைத்து, பாஸ் பெயில் போடும் பொதுத் தேர்வு வர வேண்டுமா, வேண்டாமா? வந்தே ஆக வேண்டும் என்று சிலர், கூடவே கூடாது என்று சிலர். மில் ஷிப்ட் காரணமாகக் கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் மறுநாள் பள்ளி வாசலில் நிறுத்தி அதையே கேட்டார்கள். ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லாமல் எல்லோருக்கும் ஒரே பதிலாக இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். வாசிக்கச் சிரமப்படுபவர்கள் பிள்ளையை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

முதலில் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி. "ஆல் பாஸ் ரத்து, இனி ஐந்திலும் எட்டிலும் பெயில்" என்பது நம் பள்ளிக்குப் பொருந்தாது. 2024 டிசம்பரில் மத்திய அரசு விதியை மாற்றியது உண்மை. அது கேந்திரிய வித்யாலயா, நவோதயா போன்ற மத்திய அரசுப் பள்ளிகளுக்கு. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை என்பது தொடரும் என்று மாநில அரசு அப்போதே சொல்லிவிட்டது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த மாநிலக் கல்விக் கொள்கையிலும் அதே நிலைதான். 2017-18இல் வந்த பதினொன்றாம் வகுப்புப் பொதுத் தேர்வுகூட 2025-26 கல்வியாண்டு முதல் இல்லை. ஆகவே நம் பிள்ளைகள் யாருக்கும் இந்த ஆண்டு பொதுத் தேர்வு கிடையாது. பயப்பட வேண்டாம்.

ஆனால் வந்தால் நல்லது என்று நினைப்பவர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்குத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தப் பேச்சு ஏற்கெனவே ஒரு முறை நம் வாசல் வரை வந்து போனது. 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் ஒரே வகுப்பில் நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. 2019இல் அதைத் திருத்தினார்கள். ஐந்திலும் எட்டிலும் ஆண்டு முடிவில் தேர்வு, தேறாதவர்களுக்குக் கூடுதல் பயிற்சி கொடுத்து முடிவு வந்த இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு, அதிலும் தேறாவிட்டால் நிறுத்தி வைக்கலாம், அதை அந்தந்த அரசு முடிவு செய்துகொள்ளலாம் என்று ஆனது. அந்த ஆண்டு செப்டம்பரில் நம் மாநிலத்திலும் பொதுத் தேர்வுக்கு அரசாணை வந்தது. முதல் மூன்று ஆண்டுகளுக்கு யாரையும் நிறுத்தி வைக்க மாட்டோம் என்றும் சொன்னார்கள். ஆசிரியர் சங்கங்கள், கல்வியாளர்கள், கட்சிகள் என்று பல பக்கமும் எதிர்ப்பு கிளம்பி, 2020 பிப்ரவரி 4 அன்று அரசே அதைத் திரும்பப் பெற்றது.

அந்த நாலைந்து மாதங்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. மூன்று ஆண்டு விலக்கு பற்றி யாரும் கேட்கவில்லை. ஹால் டிக்கெட் வருமா, சென்டர் எந்த ஊரில் என்றுதான் கேட்டார்கள். ஒரு மாணவியின் அப்பா வந்தார். கோபமெல்லாம் இல்லை, ஏதோ விதி தெரிந்துகொள்ள வந்தவர் போலக் கேட்டார்: "பெயிலாயிட்டா அதோட நிறுத்திக்கலாமா டீச்சர்?" நம் வேடசந்தூர்ப் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஊருக்குள் காலையும் மாலையும் நூல் மில்லுக்கு ஆள் ஏற்றும் வண்டி வந்து போகிறது. பத்து வயதில் பெயில் என்று ஒரு தாள் கையில் வந்தால், அந்தப் பிள்ளையை எப்போது அந்த வண்டியில் ஏற்றலாம் என்ற கணக்கு சில வீடுகளில் அன்றைக்கே ஆரம்பமாகிவிடும். வசதியுள்ள வீட்டில் பெயில் என்றால் டியூஷன் வைப்பார்கள். இல்லாத வீட்டில் படிப்பையே நிறுத்துவார்கள். தாளைத் திருத்துகிறவருக்கு இது தெரியாது.

சரி, எதிர்ப்பக்க நியாயத்துக்கு வருகிறேன். கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. "என் மகன் ஏழாவது படிக்கிறான். பேப்பர்ல நாலு வரி தட்டுத் தடுமாறித்தான் வாசிக்கிறான். வருஷா வருஷம் பாஸ் பாஸ்னு போட்டா எனக்கு எப்படித் தெரியும்?" அவர் கேட்டது முழுக்க நியாயம். எட்டு வரை எந்தத் தடையும் இல்லாமல் வந்து, ஒன்பதில் பெரிய பள்ளிக்குப் போய்த் திணறி, வாழ்க்கையின் முதல் பொதுத் தேர்வைப் பத்தாவதில் எழுதித் தோற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பாஸ் போடுவதும் படிக்க வைப்பதும் ஒன்று என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நிறுத்தி வைக்காதே என்று சொன்ன அதே கல்வி உரிமைச் சட்டம்தான், பிள்ளைக்கு என்ன புரிந்தது என்று தொடர்ந்து மதிப்பிட்டுக்கொண்டே இரு என்றும் சொல்கிறது. 2012-13இல் முப்பருவ முறை வந்தபோது பருவத் தேர்வுக்கு 60, அன்றாட வகுப்புச் செயல்பாட்டுக்கு 40 என்று மதிப்பெண் பிரித்ததும் அதற்காகத்தான். பாதியை நினைவில் வைத்து மறுபாதியை விட்டுவிட்டால் அந்த அம்மா சொன்னதுதான் நடக்கும்.

அதனால் தேர்வே வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. தேர்வின் முடிவு யார் கைக்குப் போகிறது, எப்போது போகிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

ஒரு கணக்கை வைத்துச் சொல்கிறேன். நான்காம் வகுப்பில் 402இலிருந்து 178ஐக் கழிக்கச் சொன்னோம். விடை 224. ஒரு பிள்ளை 376 என்று எழுதியிருந்தாள். இன்னொருவன் 234 என்று எழுதியிருந்தான். இரண்டும் தப்பு, இரண்டுக்கும் மதிப்பெண் பூஜ்யம். ஆனால் தாளைப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு கதை. 376 எழுதியவள் ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறாள்: 8இல் 2 போனால் 6, 7இல் 0 போனால் 7, 4இல் 1 போனால் 3. மேலே எது, கீழே எது என்றே பார்க்கவில்லை. கடன் வாங்குவது என்றால் என்ன என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை, குச்சிக்கட்டு வைத்து ஆரம்பத்திலிருந்து சொல்லித்தர வேண்டும். 234 எழுதியவனுக்குக் கடன் வாங்கத் தெரியும். நூறிலிருந்து பத்து வாங்கி, அதில் ஒன்றை ஒன்றின் இடத்துக்குக் கொடுத்த பிறகு மீதி 9தான் என்பதை மறந்து 10 என்றே வைத்துக்கொண்டான். அவனுக்கு இரண்டு கணக்குப் போட்டுக் காட்டினால் போதும், அன்றைக்கே சரியாகிவிடும்.

வகுப்பாசிரியர் அந்தத் தாளைத் திருத்தினார், மறுநாளே இருவருக்கும் வேறு வேறு வேலை கொடுத்தார். இதே கணக்கு பொதுத் தேர்வில் வந்திருந்தால் என்ன நடக்கும்? தாள் வேறு எங்கோ திருத்தப்படும், திரும்பி வராது. கோடை விடுமுறையில் ஓர் எண் மட்டும் வரும். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஜூன் மாதம் யார் எதைச் சொல்லித்தர முடியும்? ஐந்து வருடத்தில் வராத வாசிப்பு, மறுதேர்வுக்கு முந்தைய இரண்டு மாதத்தில், அதுவும் மே வெயிலில் வந்துவிடுமா? தவறைக் கண்டுபிடிக்க வேண்டிய வயது ஏழும் எட்டும். பத்து வயதில் கண்டுபிடித்துத் தண்டிப்பதால் பிள்ளைக்கு ஒரு லாபமும் இல்லை.

அப்புறம், "மாவட்டம் முழுக்க ஒரே கேள்வித்தாள் இருந்தால்தானே நம் பள்ளியின் தரம் தெரியும்?" என்று ஒருவர் கேட்டார். அதற்கு, பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று பார்க்கும் ஆய்வுகள் இருக்கின்றன. 2021 நவம்பரில் தேசிய அடைவு ஆய்வு நடந்தது. 2024 டிசம்பர் 4 அன்று 3, 6, 9 வகுப்புகளுக்கு மத்திய அரசின் 'பரக்' ஆய்வு நடந்தது. 2025 பிப்ரவரியில் 3, 5, 8 வகுப்புகளுக்கு மாநில அடைவு ஆய்வு நடந்தது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுபோல, மத்திய ஆய்வுகளில் சில பள்ளிகளை மட்டும் எடுத்துப் பார்ப்பார்கள். எந்தப் பிள்ளைக்கும் அதில் பாஸ் பெயில் கிடையாது. எந்த மாவட்டத்தில் எந்தப் பாடம் பின்தங்கியிருக்கிறது என்று அரசுக்குத் தெரிய இது தேவை. இதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

ஆனால் அந்த ஆய்வையே பரீட்சையாக்கி, மாவட்டத்துக்கு நல்ல பெயர் வர வேண்டும் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வாரக்கணக்கில் மாதிரித் தாளில் சரியான விடைக்கு வட்டம் போட வைப்பதை நான் ஏற்க மாட்டேன். அந்த வாரங்களில் கதைப் புத்தகம் கையில் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை வாசிக்கவே கற்றிருக்கும். ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்பைச் சேர்த்துப் பார்க்கும் நம் போன்ற பள்ளியில், செல்போன் செயலியில் மதிப்பெண் ஏற்றுவதற்குப் போகும் நேரமும் பாட நேரம்தான். இதை மேலே சொல்ல வேண்டிய இடத்திலும் சொல்லி வருகிறேன்.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். தொடக்க வகுப்புகளில் அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லித்தரும் 'எண்ணும் எழுத்தும்' வகுப்புகளில், கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருப்பது யாருக்கு எந்தப் பயிற்சி தர வேண்டும் என்று ஆசிரியர் தெரிந்துகொள்வதற்கு. வாசலில் பிள்ளையை அழைத்துப் போகும்போதே "நீ அரும்பா, மலரா? பக்கத்து வீட்டுப் பிள்ளை என்ன?" என்று கேட்கிறீர்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது ரேங்க் ஆகிவிடுகிறது. அரும்பில் இருக்கும் பிள்ளை அடுத்த நாள் அந்தப் பயிற்சித் தாளையே ஒளித்து வைக்கிறது. தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள். அதேபோல 6 முதல் 8 வரை 'திறன்' பயிற்சி வகுப்பில் உங்கள் பிள்ளை பெயர் இருந்தால் அவமானமாக நினைத்துப் பெயரை எடுக்கச் சொல்லாதீர்கள். ஏழாவது படிக்கும் மகனைப் பற்றி அந்த அம்மா கேட்டாரே, அவனைப் போன்ற பிள்ளைகள் வாசிக்கவும் கணக்குப் போடவும் பிடித்துக்கொள்ளத்தான் அந்த வகுப்பு. அதில் சேர்ந்த பிள்ளை ஒரு நாள்கூட லீவு எடுக்காமல் வர வேண்டும்.

வாரா வாரம் டெஸ்ட் வைத்து ரேங்க் போட்டுப் பலகையில் ஒட்டச் சொல்லி மனு கொடுத்திருக்கிறீர்கள். ரேங்க் போட மாட்டேன். பத்தாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று அறிவிப்பதை 2017லேயே அரசு விட்டுவிட்டது. அந்த வயதுப் பிள்ளைகளுக்கே வேண்டாம் என்று விட்டதை மூன்றாம் வகுப்புக்குக் கொண்டுவர எனக்கு மனம் வராது. ரேங்க் அட்டைக்காகத் தனியார் பள்ளிக்கு மாற்ற யோசிப்பவர்கள் ஒன்றை மட்டும் கணக்கில் வையுங்கள்: மருத்துவத்திலும் பொறியியலிலும் உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைக்க, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்.

போட்டித் தேர்வு என்றாலே நான் எதிரி என்று யாரும் நினைக்க வேண்டாம். எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி திறன் தேர்வுக்கு, அதாவது என்.எம்.எம்.எஸ்.ஸுக்கு, மாலையில் பயிற்சி தொடர்ந்து நடக்கிறது. மனத்திறனில் 90 கேள்வி, பாடத்தில் 90 கேள்வி. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1000 ரூபாய், நான்கு வருடத்தில் 48,000 ரூபாய் வருகிறது. வீட்டின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஏழாவதில் 55 சதவீதம் எடுத்திருக்க வேண்டும், பட்டியல் இனப் பிள்ளைகளுக்கு அதில் சலுகை உண்டு. இதில் தோற்றாலும் பிள்ளை இழப்பது எதுவும் இல்லை, ஜெயித்தால் படிப்பு நிற்காது. இப்படிப்பட்ட தேர்வு எத்தனை வந்தாலும் எழுத வைப்பேன். வருமானச் சான்றிதழ் வாங்காமல் கடைசி நாள் வரை இழுப்பதுதான் ஒவ்வொரு ஆண்டும் நடக்கிறது. இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்ற அந்த அம்மாவின் கேள்விக்கு ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசி ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். டிசம்பர் தேர்விலிருந்து ஒன்று முதல் எட்டு வரை எல்லா விடைத்தாள்களும் உங்கள் பார்வைக்கு வரும். தாளின் முதல் பக்கத்தில் பிள்ளைக்கு எது வருகிறது, எது வரவில்லை, பள்ளி என்ன செய்யப்போகிறது என்று வகுப்பாசிரியர் இரண்டு மூன்று வரி எழுதியிருப்பார். மூன்றாம் வகுப்புக்கு மேல் ஒவ்வொரு பிள்ளையும் உங்கள் எதிரில் ஒரு பத்தி வாசித்துக் காட்டும், மற்ற பெற்றோர் யாரும் அப்போது கூட இருக்க மாட்டார்கள். வாசிக்கத் திணறினால் அங்கேயே திட்ட வேண்டாம் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன். எந்த எழுத்தில் நிற்கிறது என்று ஆசிரியர் காட்டுவார். அதைப் பார்த்துவிட்டு அடுத்த மூன்று மாதத்தில் என்ன ஆக வேண்டும் என்று எங்களிடம் கறாராகக் கேளுங்கள்.

ஜனவரியில் பள்ளி திறக்கும் முதல் வாரம் முழுவதும் இதற்கு ஒதுக்கியிருக்கிறோம். நைட் ஷிப்ட் முடிந்து வருபவர்கள் காலை 8 மணிக்கு நேராக வரலாம், பகல் ஷிப்ட்காரர்களுக்காக மாலை 6 மணி வரை ஆசிரியர்கள் இருப்பார்கள். அப்பா அம்மா இருவரும் வர முடியாவிட்டால் தாத்தா, பாட்டி, சித்தி யாராவது வந்தாலும் சரி. எந்த நாள், எந்த நேரம் என்று பிள்ளையின் நாட்குறிப்பில் டிசம்பர் 5க்குள் எழுதி அனுப்புங்கள். பேசாமல் விட்டுப்போன தண்ணீர்த் தொட்டியையும் சுற்றுச்சுவரையும் அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் முதலாவதாக எடுத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி
வேடசந்தூர் ஒன்றியம், திண்டுக்கல் மாவட்டம்