தொண்டை கட்டிய மகளுக்கு

முள்ளியவளை

அன்பு மகளுக்கு,

தரம் 7 பிள்ளைகளை அடக்கக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது என்று துணுக்காயிலிருந்து நீ எழுதியதைப் படித்ததிலிருந்து உன் நினைவாகவே இருக்கிறேன். வகுப்பு அமைதியாவதற்குப் பெரிய குரல் தேவையில்லை என்பதை நானும் பல ஆண்டுகள் பிந்தியே அறிந்துகொண்டேன்.

ஒரு பாடவேளை கொஞ்ச நேரந்தான். குழப்பம் பெரும்பாலும் முதல் ஐந்து நிமிடத்திலேயே தொடங்குகிறது. நீ இடாப்பில் தலைகுனிந்து பெயர் கூப்பிடும்போது 35 பிள்ளைகளின் கைகளுக்கு வேலையில்லை. ஆகவே, உள்ளே நுழைந்ததும் முந்திய நாட்பாடத்திலிருந்து இரண்டு கணக்குகளைக் கரும்பலகையில் எழுதிவிடு. ஒருநாளும் அதைத் தவறவிடாதே. சில வாரங்களில் நீ சொல்லாமலே கொப்பிகள் திறக்கும். பேசுகிறவனுக்குப் பக்கத்தில் போய் நின்றபடி பாடத்தைத் தொடர்ந்தால், பாடமும் நிற்காது, அவனுக்கும் அவமானமில்லை. ஒருவனின் குற்றத்துக்கு வகுப்பு முழுவதையும் எழுப்பி நிறுத்தாதே. மற்ற 34 பேரும் அன்றே அவன் பக்கம் சேர்ந்துவிடுவார்கள்.

தடியைப் பற்றிக் கேட்டிருந்தாய். உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 12/2016 சுற்றுநிருபம் சொல்வதை நீ அறிவாய். எனக்கு அதைக் கற்பித்தது சுற்றுநிருபம் அன்று. போர் முடிந்து 2010இல் மீள்குடியேறி, தகரக் கொட்டிலில் பள்ளிக்கூடம் தொடங்கிய நாட்களில், இரைச்சலை நிறுத்துவதற்காக அடிமட்டத்தால் மேசையில் ஓங்கி அடித்தேன். மூன்று பிள்ளைகள் வாங்குக்குக் கீழே புகுந்து காதைப் பொத்திக்கொண்டார்கள். அவர்களை ஆற்றி வெளியே அழைப்பதிலேயே அந்தப் பாடவேளை முடிந்தது. அதன் பிறகு நான் அடிமட்டத்தைக் கோடு கீறுவதற்கன்றி வேறெதற்கும் எடுத்ததில்லை. உன் முன்னே இருப்பவர்கள் போருக்குப் பின் பிறந்தவர்கள்தாம். ஆனால் அவர்களை வளர்க்கிறவர்கள் அதற்குள்ளிருந்து வந்தவர்கள், மகளே.

பிந்தி வருகிறவனையும் வாசலில் நிறுத்திவைக்காதே. மாரியில் ஒழுங்கை சேறாகி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தவனாக இருக்கலாம். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்தவனாகவும் இருக்கலாம். உள்ளே விட்டு, இடைவேளையில் தனியே கேள்.

ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும், எங்கிருந்து எப்படி வருகிறது, வீட்டில் யாருடன் இருக்கிறது என்பதையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வா. அதை வேறு யாருக்கும் காட்டாதே. தவணை விடுமுறைக்கு நீ வந்ததும் இருவரும் திண்ணையில் இருந்து பெயர் பெயராகப் பேசுவோம்.

அன்புடன்,
அம்மா