தசைச்சிதைவு நோயுள்ள பிள்ளைகளின் படிப்புச் சிரமத்தையும் பரிசோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தசைச்சிதைவு நோய் பற்றிப் பத்திரிகையில் செய்தி வந்தால் சக்கர நாற்காலி, மாத உதவித்தொகை, கோடிக்கணக்கில் விலை சொல்லும் வெளிநாட்டு மருந்து, பெரும்பாலும் இவ்வளவோடு முடிந்துவிடுகிறது. எல்லாம் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அரசுப் பள்ளிகளில் சிறப்பாசிரியராக இந்தப் பிள்ளைகளைப் பல வருடமாகப் பார்த்துவருகிற நான் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். இவர்களில் கணிசமானவர்களுக்கு நோய் கை காலோடு நிற்பதில்லை, படிப்பையும் பிடிக்கிறது. அதைப் பலருக்கும் சோதித்துப் பார்ப்பதே இல்லை, சோதித்தாலும் பல நேரம் தப்பாகச் சோதிக்கிறார்கள்.

நான் அதிகம் பார்ப்பது டுஷேன் வகை. ஏறக்குறைய 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருவது. டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் உடம்பில் உருவாகாததுதான் காரணம். அந்தப் புரதம் மூளைக்கும் வேண்டும் என்பது நான் சந்தித்த பெற்றோர் பலருக்குத் தெரியவே தெரியாது. நோய்க்குப் பெயர் தந்த பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் 1868-லேயே சில பிள்ளைகளின் அறிவுத்திறனும் குறைந்திருப்பதைக் குறித்து வைத்தார். இவர்களின் சராசரி ஐ.க்யூ. 85-ஐ ஒட்டி இருக்கிறது, பொதுச் சராசரி 100. சராசரிதான், நூறைத் தாண்டுகிற பையன்களும் உண்டு, பட்டம் முடித்தவர்களும் உண்டு. இன்னொன்று, தசை வருடா வருடம் மோசமாவது மாதிரி இது மோசமாவதில்லை. அதனால்தான் சீக்கிரம் கண்டுபிடித்தால் பலன் உண்டு என்று அடித்துச் சொல்கிறேன்.

வகுப்பில் இது எப்படித் தெரியும்? "கணக்கு நோட்டை எடு, தேதி போடு, 42-ஆம் பக்கத்தில் மூணாவது கணக்கைச் செய்" என்று டீச்சர் ஒரே மூச்சில் சொல்வார். பையன் நோட்டை எடுத்து வைப்பான், அவ்வளவுதான், அடுத்தது என்ன என்று பக்கத்தில் இருப்பவனைப் பார்ப்பான். காதில் விழுந்ததை வரிசை மாறாமல் சில நொடி பிடித்து வைத்துக்கொள்ளும் நினைவுதான் இந்தப் பிள்ளைகளுக்குப் பலவீனம். கதை சொன்னால் புரியும், படத்தைக் காட்டினால் அழகாகச் சொல்வான், ஆனால் வாய்ப்பாடு நிற்காது, எழுத்துக் கூட்டிப் படிப்பது இழுக்கும். கவனக் குறைபாடும் ஆட்டிசமும் மற்ற பிள்ளைகளைவிட இவர்களிடம் அதிகம் காணப்படுகின்றன. இதெல்லாம் தெரியாதவர்கள் "திமிர் பிடித்தவன்" என்பார்கள், இல்லையென்றால் "பாவம், நடக்க முடியாத பிள்ளை, படிச்சு என்ன ஆகப்போகுது" என்பார்கள். இரண்டாவதைக் கேட்கும்போதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

சரி, பரிசோதனைக்கு அனுப்பினால் என்ன நடக்கிறது? ஒரு முகாமில் பார்த்ததைச் சொல்கிறேன். பத்து மரத்துண்டுகளை அதனதன் குழியில் பொருத்தும் பலகையைப் பையன் முன்னால் வைத்து ஸ்டாப்வாட்சை அழுத்தினார்கள். அவனுக்கு எந்தத் துண்டு எங்கே போகும் என்று பார்த்தவுடன் தெரிகிறது, கண் அந்தக் குழிக்குப் போய்விட்டது, கைதான் போகவில்லை. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக நகர்த்தினான். அந்தப் பரிசோதனையில் மூன்று தடவை செய்யச் சொல்லி, குறைந்த நேரத்தை எடுத்துக்கொள்வார்கள், இவனோ தடவைக்குத் தடவை களைத்துப்போய் இன்னும் மெதுவானான். அந்த நேரத்தை அப்படியே மன வயதாக மாற்றி எழுதினார்கள். தோள் பலவீனத்தை அளந்துவிட்டு அதற்கு அறிவு என்று பெயர் வைத்தால் அந்தப் பிள்ளை என்ன செய்வான்? வாயால் பதில் சொல்கிற, விரலால் சுட்டிக்காட்டினால் போதுமான, கடிகாரம் பார்க்காத பரிசோதனைகள் இருக்கின்றன. பேச்சுத் திறன், நினைவு, கவனம், வாசிப்பு என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஒற்றை எண்ணை எழுதிக் கையில் கொடுத்தால் எங்களுக்கு அதில் ஒரு உபயோகமும் இல்லை.

அப்புறம், சோதிக்கும் நாளில் பிள்ளை எப்படி இருக்கிறான் என்பதையும் கேட்க வேண்டும். நோய் முற்றிய பையன்களுக்கு இரவில் மூச்சு சரியாக இறங்காது, காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கம். ஸ்டீராய்டு மாத்திரை சிலருக்கு எரிச்சலையும் படபடப்பையும் கொண்டுவரும். மத்தியானம் வரை வரிசையில் உட்கார வைத்துவிட்டு அதன் பிறகு கேள்வி கேட்டால் வருகிற மதிப்பெண்ணை நம்பக்கூடாது.

பெற்றோர் கையில் மரபணு ரிப்போர்ட் இருக்கிறதே, அதிலேயே ஒரு துப்பு இருக்கிறது. டிஸ்ட்ரோஃபினை உருவாக்கும் மரபணுவில் 79 எக்சான்கள், அதாவது புரதத்துக்கான குறிப்பு எழுதிய துண்டுகள். 63-க்கு அப்பால் பழுது இருந்தால், மூளைக்கு முக்கியமான, டிஸ்ட்ரோஃபினின் டிபி71 என்ற குட்டை வடிவமும் சேர்ந்து போய்விடும், அந்தப் பிள்ளைகளுக்குக் கற்றல் சிரமம் பெரும்பாலும் கூடுதல். மருந்துக்குத் தகுதி உண்டா என்று பார்க்க அந்தத் தாளைப் புரட்டுகிற மருத்துவர்கள் பள்ளிக்கும் சேர்த்து ஒரு வரி எழுதித் தந்தால் பெரிய உதவி.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் தசைச்சிதைவும் இருக்கிறது, கற்றல் குறைபாடும் தனியாக இருக்கிறது. நான் பார்த்த மாற்றுத்திறனாளி அட்டைகளில் முதலாவது மட்டும்தான் இருக்கும். அதை வைத்துப் பொதுத்தேர்வில் எழுதுவதற்கு ஆளும் கூடுதல் நேரமும் கிடைக்கும், நல்லது. ஆனால் எழுதுபவர் கைக்குத்தான் மாற்று. கேட்டதை நினைவில் வைக்க முடியாத பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே வேறு மாதிரி சொல்லித் தந்திருக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு கட்டளை, பலகையில் எழுதிக் காட்டுவது, படத்தோடு சொல்வது. காசு செலவில்லாத வேலைதான், பிள்ளைக்கு என்ன சிரமம் என்று டீச்சருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

இந்த நோயுள்ள பெரியவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்கிறேன். மயோடோனிக் என்ற இன்னொரு தசைச்சிதைவு வகையில் பகல் தூக்கமும் எதையும் தொடங்க முடியாத மந்தமும் நோயின் பகுதி, முகத்தசை தளர்ந்திருப்பதால் உணர்ச்சியும் வெளியே தெரியாது. வீட்டில் சோம்பேறிப் பட்டம் வாங்குகிறார்கள். இடுப்பு, தோள் பகுதியைத் தாக்கும் பல வகைகளில் அறிவுக்குச் சேதமே இல்லை, அவர்கள் மேல் சந்தேகத்தை ஏற்றவும் கூடாது. யாருக்கு எது என்று ஒழுங்காகப் பார்த்தால்தானே தெரியும்.

டுஷேனுக்கான 2010 சர்வதேச வழிகாட்டுதல், நோய் உறுதியானதும் ஒரு தடவை, பள்ளியில் சேர்க்கும் முன் ஒரு தடவை இந்த மதிப்பீட்டைச் செய்யச் சொல்கிறது. நம் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்களில் பிசியோதெரபிஸ்ட், உளவியலாளர், சிறப்பாசிரியர் எல்லோருக்கும் பணியிடம் உண்டு. தசைச்சிதைவு என்று வருகிற ஒவ்வொரு பிள்ளையையும் இந்த மூன்று பேரும் பார்த்து, தமிழில் ஒரு பக்க அறிக்கையைத் தலைமையாசிரியருக்கு அனுப்ப வேண்டும் என்று சுகாதாரத் துறையும் பள்ளிக் கல்வித் துறையும் சேர்ந்து உத்தரவு போட வேண்டும். வருகிற ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேரப்போகிற பிள்ளைகளிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு சிறப்பாசிரியர்,
தென்காசி மாவட்டம்.