பெல்லி டான்ஸ் ஆசிரியர்களுக்கும் மேடை அமைப்போருக்கும்: ‘ஜிப்சி நடனம்’ என்று இனி அறிவிக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கும் நிகழ்ச்சி அமைப்பாளர்களுக்கும் வணக்கம்.

ஏழு ஆண்டுகளாக பெல்லி டான்ஸ் கற்று வரும் மாணவி நான். மூன்றாம் ஆண்டில், ஒரு பள்ளியின் ஆண்டுவிழா மேடையில், ‘துருக்கிய ஜிப்சி நடனம்’ என்ற அறிவிப்புக்குப் பின் நான்கு பெண்களோடு சேர்ந்து ஆடினேன். பல கெஜத் துணியில் தைத்த பாவாடை, இடுப்பில் காசுமாலை, காதோரம் சிவப்பு ரோஜா. எட்டு எண்ணிக்கையில் அடங்கும் ஏதோ ஒரு பாட்டு. அரங்கம் கைதட்டியது, நானும் மகிழ்ந்தேன். அன்று மேடையில் இருந்தவற்றுள் ஒன்றுகூட, ‘ஜிப்சி’ என்று பிறர் அழைக்கும் துருக்கியின் ரோமா மக்களுடையது அன்று என்பதை அதற்குப் பிறகுதான், இசையைத் தேடிக் கேட்கத் தொடங்கிய பிறகுதான், அறிந்தேன். எனக்கு இந்தக் கலையின் மீது ஆசையை ஊட்டியவர்களைக் குறை கூற இம்மடலை எழுதவில்லை. நாம் விரும்பும் நடனத்தின் ஒரு பகுதி, அதைக் காத்து வந்த மக்களின் பெயரில்லாமல் மேடையேறுகிறது. அதை மாற்ற உங்களால் முடியும் என்பதனால் எழுதுகிறேன்.

முதலில் பெயர். நாம் பெல்லி டான்ஸ் என்று அழைப்பதைத் துருக்கியர் ‘ஒரியந்தல்’ என்கிறார்கள். திருமண வீட்டிலும் குடும்ப விருந்திலும் எல்லாரும் எழுந்து ஆடும் ஆட்டத்துக்கு ‘இரட்டைத் தந்தி’ என்று பொருள்படும் ‘சிஃப்தெதெல்லி’ என்ற பெயரும் உண்டு. ரோமா மக்கள் துருக்கியில் தம்மை ‘ரொமான்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். இத்தாலியின் ரோம் நகருக்கும் இச்சொல்லுக்கும் தொடர்பில்லை; ரோமானி மொழியில் ‘ரோம்’ என்றால் ஆண், கணவன் என்று பொருள். அவர்களுடைய ஆட்டப்பாட்டுக்கு ‘ரொமான் ஹவாசி’ என்று பெயர். ஒரியந்தலும் ரொமான் ஆட்டமும் ஒரே தெருவில் வளர்ந்தவை, ஒரே இசைக்கலைஞர்கள் இரண்டுக்கும் வாசித்திருக்கிறார்கள், ஆயினும் அவை ஒன்றல்ல. இப்படித் தெளிவான பெயர்கள் இருக்கும்போது, பிறர் சூட்டியதும் பல நாடுகளில் வசையாகவே புழங்கியதுமான ‘ஜிப்சி’ என்ற சொல்லை நாம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய தேவை என்ன?

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தாளத்திலேயே தொடங்குகிறது. ரொமான் ஆட்டத்தின் உயிர் ஒன்பது எண்ணிக்கை கொண்ட சுழற்சியில் இருக்கிறது. இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று என்று அது பிரிகிறது. சொற்கட்டு அறிந்த நமக்கு இது அச்சம் தரவேண்டியதில்லை. ‘தக தக தக தகிட’ என்று வாயால் சொல்லியபடி கையால் நான்கு தட்டுத் தட்டிப் பாருங்கள்: மூன்று தட்டுகள் சம அளவில் விழ, நான்காவது தட்டு சற்றே நீண்டு, விழப்போகிறவர் ஒரு கணம் தாங்கி நிற்பதைப் போல நிற்கும். ஆட்டக்காரரின் வயிறும் இடுப்பும் தோளும் பேசுவதற்கான இடம் அந்த நீட்சியில் கிடைக்கிறது. இந்த ஆட்டத்தை எட்டு எண்ணிக்கைப் பாட்டுக்குப் பொருத்தும்போது நாம் வெட்டி எறிவது அந்த ஒரு கணத்தைத்தான். மெதுவான நடையில் அது கனமாகவும் குறும்பாகவும் இருக்கும்; விரைவு நடையில் அதே ஒன்பது, கால் தரையில் பாவாத துள்ளலாக மாறிவிடும். என் உடலுக்கு இந்தத் தாளம் பிடிபட ஓராண்டுக்கு மேலாயிற்று. இன்றும் நான்காவது தட்டில் நான் அவசரப்பட்டுவிடுகிறேன்.

அசைவுகளும் அப்படியே. துருக்கிய மொழியில் வயிற்றை அசைத்து ஆடுவதைக் குறிக்கும் சொல்லுக்கு நேர்ப்பொருள் ‘வயிற்றை எறிதல்’. ரொமான் ஆட்டத்தில் அந்த எறிதல் தாளத்தின் அடியோடு சேர்ந்து சுருக்கென்று விழும்; கை முட்டி பிடித்து அதற்குச் சாட்சி சொல்வதுபோல் வயிற்றருகே வரும். துணி துவைத்துப் பிழிவது போன்ற அன்றாட வேலைகள் கையசைவுகளாக மாறி, எதிரே ஆடுபவரைச் சீண்டும் விளையாட்டாகின்றன. உடல் தரையை நோக்கி இறங்கியிருக்கும், முகத்தில் நகையாடல் இருக்கும், மயக்கும் பார்வைக்கு அங்கே வேலையே இல்லை. பெரிய பாவாடையை இரு கைகளாலும் சுழற்றிக்கொண்டிருந்தால் இவற்றுள் எதையும் செய்ய முடியாது. கை பேசவேண்டிய ஆட்டத்தில் கையைத் துணியிடம் கொடுத்துவிடுகிறோம்.

ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்டவர்களின் வரலாறு ஒஸ்மானியர் (ஒட்டோமான்) ஆட்சிக் காலத்திலேயே தெளிவாகத் தெரிகிறது. ‘செங்கி’ எனப்பட்ட ஆடும் பெண்களும் ‘கோச்செக்’ எனப்பட்ட ஆடும் இளைஞர்களும் குழுக்களாக இயங்கினார்கள். அக்குழுக்களில் ரோமா மக்களும், கிரேக்கர், ஆர்மேனியர், யூதர் போன்ற பிற சமயத்தாரும் மிகுதியாக இருந்தனர். 1720இல் சுல்தான் மூன்றாம் அகமதுவின் மகன்களுக்கு நடந்த விருத்தசேதன விழாவை ஓவியர் லெவ்னி வரைந்த சிற்றோவியங்களில், கையில் மரச்சப்ளாக்கட்டைகளோடு ஆடுவோரை இன்றும் காணலாம். அரண்மனைக்கு அவர்கள் ஆட்டம் தேவைப்பட்டது. அவர்களுக்கு மதிப்பளிக்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் எழவில்லை. குடியரசு வந்த பின்னும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. அரசுத் தொலைக்காட்சியில் ஒரியந்தல் ஆட்டத்துக்கு இடம் கிடைக்க 1980ஆம் ஆண்டின் கடைசி இரவு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று ஆடியவர் நெஸ்ரின் தொப்காபி.

இஸ்தான்புல்லின் பழைய கோட்டைமதிலை ஒட்டி இருந்த சுலுகுலேயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ரோமா மக்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்த குடியிருப்பு அது. அங்கே வீடுகளே அரங்குகளாக இருந்தன: ஓர் அறையில் விருந்தினர் அமர்வார்கள், அந்த வீட்டின் ஆண்கள் வாசிப்பார்கள், பெண்கள் ஆடுவார்கள், அவர்களுக்கு முன்னால் உட்கார்ந்தே குழந்தைகள் கற்றுக்கொள்வார்கள். அந்தத் தெருக்களில் பள்ளி என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. 1990களின் தொடக்கத்தில் அந்த ஆட்டவீடுகள் காவல்துறையால் மூடப்பட்டன. அத்தோடு பல குடும்பங்களின் வருவாய் நின்றது. பிறகு 2005இல் 5366 என்ற எண்ணுடைய நகரப் புதுப்பிப்புச் சட்டம் வந்தது, அதைக் கொண்டு அந்தப் பகுதி முழுவதும் இடிப்புக்குக் குறிக்கப்பட்டது, 2009ஆம் ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய எல்லா வீடுகளும் தரைமட்டமாயின. குடியிருந்தோரில் பலருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தாஷோலுக்கின் அடுக்குமாடிகளில் இடம் காட்டப்பட்டது. தவணை கட்டவும், ஊருக்குள் வந்துபோகும் பேருந்துச் செலவைத் தாங்கவும் முடியாமல் பெரும்பாலோர் விரைவிலேயே அவற்றைக் கைவிட்டு, பழைய இடத்துக்கு அருகே வாடகை அறைகளுக்குத் திரும்பினார்கள். அந்தத் திட்டம் பொதுநலனுக்கு ஏற்றதன்று என்று 2012இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது புதிய வீடுகள் எழும்பி முடிந்திருந்தன. அந்த மதில் 1985 முதல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் இருக்கிறது. மதிலுக்கு இருந்த காப்பு, அதன் நிழலில் ஆடிய மனிதர்களுக்கு இருக்கவில்லை.

இதை எழுதும்போது எனக்கு ஆற்றாமை மேலிடுகிறது, மறைக்க விரும்பவில்லை. நாம் மேடையில் ‘ஜிப்சி’களின் கட்டற்ற வாழ்வைக் கொண்டாடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அந்த ஆட்டம் பிறந்து வளர்ந்த அறைகளின் சுவர்களை இயந்திரங்கள் இடித்துக்கொண்டிருந்தன. நாடோடி என்று நாம் பாடிய மக்கள் நூற்றாண்டுகளாக ஓரிடத்திலேயே வாழ்ந்தவர்கள், அங்கிருந்து அகற்றப்பட்டவர்கள்.

இசைக்கலைஞர்களின் நிலையும் நம் நிகழ்ச்சிகளில் இதுவே. துருக்கியின் கேஷானில் 1957இல் பிறந்து, திருமண வீடுகளில் வாசித்து உலக மேடைகள் வரை சென்று, 2014இல் மறைந்த கிளாரினெட் கலைஞர் செலிம் செஸ்லரை எத்தனை மாணவியர் அறிவோம்? ஆடுவோருக்கென்றே பிறந்தது போன்ற வாசிப்பைத் தந்த மற்றொரு கிளாரினெட் கலைஞர் முஸ்தஃபா கந்திராலியை? நம் பயிற்சி வகுப்புகளில் ஒலிக்கும் பாட்டுகள் பெயரில்லாத கோப்புகளாகக் கைமாறுகின்றன. செஸ்லரின் கிளாரினெட் அந்த நீண்ட தட்டின்மேல் எப்படிச் சாய்ந்து, எப்படித் தாமதித்து, தர்புகா என்ற கைமுரசு அழைக்கும் கடைசி நொடியில் எப்படித் திரும்பி வருகிறது என்று ஒருமுறை கூர்ந்து கேட்ட மாணவிக்கு, ஆட்டத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தனியே சொல்லித்தர வேண்டியதில்லை.

நம்மிடையே அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘ரோமா மக்கள் இந்தியாவிலிருந்து போனவர்கள், எனவே இது நம் நடனமே’ என்கிறார்கள். ரோமானி இந்தோ-ஆரிய மொழி என்பது உண்மை. அம்மொழியில் நீருக்குப் ‘பானி’, மூக்குக்கு ‘நாக்’. அவர்களுடைய முன்னோர் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து புறப்பட்டு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதற்குப் பிறகு பைசாந்தியத்திலும் திரேசியாவிலும் அனத்தோலியாவிலும் தம் அண்டைவீட்டாரோடு கொடுத்தும் வாங்கியும் அவர்கள் உருவாக்கிய கலையை, ஒரு பழைய உறவைக் காட்டி நாம் உரிமை கோருவது முறையாகாது. உறவு உண்டென்றால், அவர்களுக்கு உரியதை அவர்களுக்கே உரியதாகச் சொல்லும் பொறுப்பு நமக்குக் கூடுதலாகவே இருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள். நிகழ்ச்சி நிரலில் ஒரியந்தலை ஒரியந்தல் என்றும் ரொமான் ஆட்டத்தை ரொமான் என்றும் குறிப்பிடுங்கள். வாசித்தவரின் பெயரை, தெரிந்த இடத்திலெல்லாம், பாட்டின் பெயரோடு சேர்த்து அச்சிடுங்கள். ரொமான் ஆட்டம் என்று அறிவித்தால் ஒன்பது எண்ணிக்கையில் ஆடுங்கள்; மாணவியருக்கு அதற்கான காலம் போதாதென்றால் இவ்வாண்டு அதை விட்டுவிட்டு, அழகாகக் கற்ற சிஃப்தெதெல்லி ஒன்றை மேடையேற்றுங்கள், அதில் குறைவொன்றும் இல்லை. வெளிநாட்டு ஆசிரியர்களை இணையவழிப் பயிற்சிக்கு அழைக்கப் பணம் ஒதுக்கும்போது, ரோமா சமூகத்திலிருந்தே கற்பிப்பவர்களைத் தேடி, மற்றவர்களுக்குத் தரும் அதே தொகையை அவர்களுக்கும் தாருங்கள். ஏப்ரல் 8 உலக ரோமா நாள். மே 5ஆம் தேதி இரவும் 6ஆம் தேதியும் வசந்தத்தை வரவேற்கும் ஹிதிரெல்லெஸ் விழா, துருக்கியின் எதிர்னே நகரில் ரோமா மக்கள் ‘ககாவா’ என்று தீமூட்டி ஆடும் காலம் அது. இவ்விரு நாள்களுள் ஒன்றையொட்டி, ஆட்டமே இல்லாமல் ஒரு மணி நேரம் இசையை மட்டும் கேட்கும் வகுப்பு ஒன்றை நடத்துங்கள். ஒலிபெருக்கி, நாற்காலி, குடிநீர் ஆகியவற்றின் ஏற்பாட்டை நானே பார்த்துக்கொள்கிறேன்.

அந்தச் சிவப்பு ரோஜாவும் பாவாடையும் இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன. வரும் ஆண்டுவிழாவுக்கு அவை வேண்டாம் என்று என் ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, அந்த ஒன்பதை ஒருமுறை தட்டிக்காட்டச் சொன்னார்.

அன்புடனும் மதிப்புடனும்,
உங்கள் மாணவியருள் ஒருத்தி