குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், உரிமையாளர்களாகவும் வாடகைதாரர்களாகவும் இங்கே கூடியிருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நீர்த்தொட்டி சுத்தம், லிஃப்ட் பராமரிப்பு, ஜெனரேட்டர் சோதனை மூன்றும் முறைப்படி நடந்தன. இந்த ஆண்டு சங்க அலுவலகத்தின் பெரும்பகுதி நேரத்தை விழுங்கியவை வாடகை வீட்டுப் புகார்கள்தாம்.

பதிவேட்டைப் புரட்டினால் ஒரே சிக்கல் பல வேடங்களில் வருகிறது. வாடகைக்கு வருபவர் வீட்டு உரிமையாளரோடு மட்டும் ஒப்பந்தம் போடுகிறார். தண்ணீர், லிஃப்ட், வாசல், வண்டி நிறுத்துமிடம் ஆகியவையோ சங்கத்தின் கையில். சுவருக்குள் இருப்பதற்கு ஒப்பந்தம் உண்டு. கதவைத் திறந்து வெளியே வந்தால் வாய்ச்சொல்தான்.

வண்டி நிறுத்துமிடத்தில் இது நன்றாகத் தெரிந்தது. ஒரே இடத்தை உரிமையாளர் ஒருவர் இரண்டு பேருக்குக் கொடுத்திருந்தார். புதிதாகக் குடிவந்தவரின் கார் இரவில் வாசலில் நின்றது. காவலர் பதிவேட்டைக் காட்டினார். குடிவந்தவர் ஒப்பந்தத்தைக் காட்டினார். இரண்டிலும் பிழையில்லை, இடம்தான் ஒன்று. இனி இட எண்ணை ஒப்பந்தத்தில் எழுதி, கையெழுத்துக்கு முன்பே அலுவலகத்தில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது சங்கத்தின் தவறு, மறைக்க விரும்பவில்லை. பராமரிப்புக் கட்டணம் பாக்கி என்று ஒரு வீட்டின் கதவு எண்ணை அறிவிப்புப் பலகையில் எழுதினோம். அங்கே குடியிருந்தவர் வாடகையோடு சேர்த்து அந்தத் தொகையையும் மாதந்தோறும் உரிமையாளரிடம் கொடுத்துவந்திருக்கிறார். பணம் எங்களிடம் வரவில்லை, பழி அவர் வாசலுக்குப் போயிற்று. அவரிடம் நேரில் வருத்தம் தெரிவித்தோம். பாக்கி அறிவிப்பு இனி உரிமையாளருக்கே போகும். உரிமையாளரின் பாக்கிக்காக, வீட்டைக் காலி செய்பவரின் சாமான் வண்டியை வாசலில் நிறுத்திவைக்கும் வழக்கத்தையும் கைவிடுகிறோம். அது எப்போது தொடங்கியது என்று கேட்டுப் பார்த்தேன், ஒருவரும் பொறுப்பேற்கவில்லை.

நீர்க்கசிவுப் புகார்களில் வாடகைதாரர் பந்தாகிவிடுகிறார். உரிமையாளர் சங்கத்தைக் கைகாட்டுவார். சங்கம் மேல்வீட்டைக் கைகாட்டும். மேல்வீட்டில் கதவு பூட்டியிருக்கும். புகார் கொடுக்குமுன் சொட்டும் நேரத்தைக் குறித்துக்கொண்டு வந்தால் பாதி வேலை முடியும். மேலே யாரும் தண்ணீரைப் புழங்காத நேரத்திலும் விடாமல் சொட்டினால், அழுத்தத்தில் இருக்கும் நீர்க்குழாயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். குளித்த பிறகு மட்டும் சொட்டினால் கழிவுக்குழாயோ குளியலறைத் தரையின் இணைப்போ காரணமாக இருக்கலாம். பல மாடிகளுக்கும் பொதுவான செங்குத்துக் குழாய் என்றால் சங்கம் பழுதுபார்க்கும். ஒரு வீட்டுக்கு மட்டும் உரிய கிளைக்குழாய் அந்த வீட்டு உரிமையாளரைச் சேர்ந்தது, அது கீழ்வீட்டின் கூரையை ஒட்டி ஓடினாலும் சரி.

முன்பணத் தகராறுகளில் தீர்ப்புச் சொல்லும்படி என்னிடம் வந்தார்கள். சாவி வாங்கிய அன்றே சுவர், தொட்டி, கதவுகளைத் தேதியோடு படம் எடுத்து, மீட்டர் அளவையும் குறித்து இருவரும் கையெழுத்திட்டிருந்தால் என்னிடம் வரவே வேண்டியதில்லை. நாள்பட்டு மங்கிய சாயம் வேறு, உடைந்த கைகழுவும் தொட்டி வேறு. இதையும் சிலருக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது.

காலி செய்தவர்களின் நுழைவு அட்டைகள் சில, அவர்கள் போன பிறகும் வாசலைத் திறந்துகொண்டிருந்தன. அவை முடக்கப்பட்டுவிட்டன. சாமான் ஏற்றுவோருக்கு ஒரு வார்த்தை: லிஃப்ட் கதவின் அகலம் 90 செ.மீ. சோபாவை அளந்துவிட்டுக் கொண்டுவாருங்கள். அளக்காமல் வந்த ஒன்று படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு நாள் முழுவதும் குடியிருந்தது.

வாடகைதாரர் இருவரைச் செயற்குழுக் கூட்டங்களுக்கு, வாக்குரிமை இன்றியேனும், அழைக்க வேண்டும் என்ற தீர்மானம் இன்றைய நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. சென்ற ஆண்டு நேரமில்லை என்று ஒத்திவைத்தோம். இந்த முறை தேநீர் இடைவேளைக்கு முன்பே அதை எடுத்துக்கொள்ளத் தலைவர் இசைந்திருக்கிறார்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்